வெளியேறும் தொகுதி

பீடோர் பழைய சாலையில்
பீசாங் கோரேங் கடை மூடும் நேரம்
ஆ கியோங் எனக்கென்று ஒரு டின்னில் எடுத்து வைப்பார்,
மூன்று நாள் பொரித்த செம்பனை எண்ணெய்.
கோப்பி நிறம்.
காசு வாங்க மாட்டார். சாக்கடையில் ஊற்றினால்
மஜ்லிஸ்காரர் சம்மன் எழுதுவார்.

வீட்டுப் பின்புறம் நீல வாளி.
தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும்,
காரத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.
இதை ஆலைச் சுவரில் மூன்று மொழியில் எழுதி ஒட்டியவள் நான்.
தமிழில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை.
பதினொரு வருடம் அது அப்படியே இருந்தது.

கிளறுகிறேன்.
உள்ளே நடப்பது இவ்வளவுதான்:
ஒரு கார்பன், மூன்று பேரோடு தட்டையாக உட்கார்ந்திருக்கிறது.
அதில் ஆக்சிஜன் என்பவர்
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
எலக்ட்ரானைத் தன் பக்கமே இழுக்கிறார்.
கார்பனுக்கு எப்போதும் மாசக் கடைசி.
அந்தக் குறையை மோப்பம் பிடித்து
மேலிருந்தோ கீழிருந்தோ வருகிறது ஹைட்ராக்சைடு,
கை நிறைய.

இடமில்லை. ஆனாலும் உட்காருகிறது.
ஆக்சிஜன் ஒரு கையை எடுத்து
பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார்,
கொஞ்ச நேரம்.
நான்கு பேர் நான்கு திசையில், முழங்கை இடிக்க.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கொஞ்ச நேரம்
ஏழு வாரம் நீடித்தது.
குணரத்தினம் சார், தேவசகாயம், நான்.
நான்காவதாக, நீலாயில் படித்துவிட்டு வந்த ஷாஸ்வானி.
நாற்காலி மூன்றுதான்.
காலி ஹெக்சேன் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்து
எண்ணெயின் அமில அளவு பார்ப்பாள். கை நடுங்காது.
அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.
சார் மட்டும் தினமும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தலைச்சுமையை இறக்கித்தானே ஆக வேண்டும்.
இரட்டைப் பிணைப்பு திரும்பும்போது
ஒருவர் போக வேண்டும்.
வந்ததே திரும்பிப் போவதும் உண்டு, பல தடவை.
ஆனால் யார் தன் சுமையோடு
தனியாக நிற்க முடியுமோ
அவர்தான் சுலபமாக வெளியேறுவார் என்கிறது பாடம்.
குளோரைடு, தொட்டாலே கிளம்பிவிடும்.
அமைடிலிருக்கும் நைட்ரஜனோ
மணிக்கணக்கில் கொதிக்க வைத்தாலும்
யோசிச்சுச் சொல்றேன் என்னும்.

தேவசகாயத்துக்கு மூன்று பிள்ளைகள்,
வாரம் மூன்று டயாலிசிஸ்.
சார் என்னைத்தான் கூப்பிட்டார்.
"உனக்கென்னம்மா, நீ எங்க போனாலும் பொழச்சிக்குவ."

தாங்குவாள் என்பதற்காக அனுப்பப்படுவது.
அப்படிப்பட்டதற்குப் பாடத்தில் வைத்த பெயர்
வலுக்குறைந்த காரம்.
பஸ்ஸில் நினைத்துச் சிரித்தேன்.
பக்கத்துச் சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

வெளியேறியது ஒரு முறை திரும்பி வரும்.
அமிலத்திடமிருந்து ஒரு ஹைட்ரஜனை
எடுத்துக்கொண்டு போக.
அதோடு கதவு சாத்தியாயிற்று;
எதிர்மின்னோடு அமர்ந்துவிட்ட அந்த இடத்தை
இனி எவரும் நெருங்க முடியாது.
நானும் போனேன், என் கோப்பையை எடுக்க.
ஷாஸ்வானி அதில் புனல்களை நிறுத்தி வைத்திருந்தாள்.
கழுவித் தந்தாள்.
துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

துடுப்பு போன தடம் இப்போது மறையாமல் நிற்கிறது.
மைலோ டின்களில் ஊற்றலாம்.
பெரிய ஆலைகளில் உப்பைப் போட்டுச் சோப்பைப் பிரித்து
கிளிசரினை வடித்துத் தனியாக விற்பார்கள்.
நான் உப்புப் போடுவதில்லை.
வெளியேறியதும் வாளியிலேயே கிடக்கட்டும்,
கைக்கு வழவழப்பு அதிலிருந்துதான்.

கட்டி மூன்று ரிங்கிட்.
ஆய்வுக்கூடத்துக்கு மாதம் ஆறு போகிறது,
பில்லில் குணரத்தினம் சார் கையெழுத்து.
வாழைப்பழ வாசனை அடிக்கிறதாம், புகார்.
அந்த வாசனையும் எஸ்டர்தான்.
இவ்வளவு காரத்தில் அது உடைந்திருக்க வேண்டும்.
ஏன் உடையவில்லை என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.